மணிக்கயிற்றில் ஒரு ஸ்கேனர்

தீயணைப்புப் படையின் வயர்லெஸ் பேச்சைக் கேட்கலாம் என்று வாங்கிய ஸ்கேனர் வீட்டுக்கு வந்த அன்று அது கரகரவென்று இரைந்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. அடுப்படியில் வைத்துப் பார்த்தேன். சாமி அலமாரி மேல் வைத்துப் பார்த்தேன். குளியலறை ஜன்னலில்கூட வைத்துப் பார்த்தேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும். இரண்டு தட்டுத் தட்டினேன், அதற்கும் அது மசியவில்லை. விற்ற கடைக்காரரைப் போய்க் கேட்டால், "ஏரியல் கம்பியைச் சுவருக்கு வெளியே தொங்கவிடுங்க" என்று சாவகாசமாகச் சொன்னார்.

சுவருக்கு வெளியே எங்களுக்கு இருந்தது மணிக்கயிறு ஒன்றுதான். யாங்கோனில் லிஃப்ட் இல்லாத கட்டடங்களில் மேல்மாடிக்காரர்கள் எல்லோரிடமும் அப்படி ஒரு கயிறு உண்டு. வராந்தாவிலிருந்து தெருவரை தொங்கும். மேல்நுனியில் மணி, கீழ்நுனியில் கிளிப். கீழே நின்று இழுத்தால் மேலே மணி அடிக்கும்; பேப்பரையோ கொத்தமல்லிக் கட்டையோ கிளிப்பில் மாட்டிவிட்டால் நாம் மேலே இழுத்துக்கொள்ளலாம். பபேடான் வட்டாரத்தில் எங்கள் வீடு ஐந்தாம் மாடி, அதனால் கயிறும் நீளம். அதன் மேல்பாதியில் கம்பியைச் சுற்றிக் கட்டினேன். உடனே ஒரு தீயணைப்புக்காரரின் குரல் பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோலத் தெளிவாகக் கேட்டது. அதன் பிறகு கீரைக்காரம்மா கீழே கயிற்றை இழுக்கும் போதெல்லாம் எங்கள் வீட்டில் தீயணைப்புப் படைக்கு இருமல் வரும்.

இதையெல்லாம் கேட்கலாமா கூடாதா என்று விசாரித்தேன். ஆளுக்கொன்று சொன்னார்கள். பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் புதிது புதிதாக முளைத்த சில வருடங்கள் அவை. எதைக் கேட்டாலும் "பார்த்துக்கலாம்" என்பதே பதிலாக இருந்தது. பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் இறங்கிவிட்டேன்.

அதற்கு முன் பன்னிரண்டு வருடம் நான் கல்யாண வீடியோக்காரன். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, தீமிதி என்று யாங்கோன் தமிழர்களின் நல்லது பொல்லாது எல்லாம் என் கேமரா வழியாகப் போயிருக்கிறது. அப்புறம் எல்லார் கையிலும் போன் வந்தது. மாப்பிள்ளையின் தம்பியே எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறான், நான் எதற்கு? வேலை வற்றிப் போனது. ஒரு செய்தி அலுவலகத்தில், சம்பவ இடத்து வீடியோவை யார் கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். சம்பவம் நடப்பது எனக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தபோதுதான் ஸ்கேனர் ஞாபகம் வந்தது.

என் மனைவிக்குப் பிடிக்கவில்லை. அவள் தின்கன்ஜூனில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். கோபம் வந்தால் பர்மியில் பொரிந்து தள்ளுவாள். அது எனக்குப் பழக்கம், பயமில்லை. நிதானமாகத் தமிழில் பேசினால்தான் எனக்கு உள்ளே உதறும். அன்று தமிழில் பேசினாள்.

"எங்கப்பா வார்டுல வாலண்டியர் ஃபயர்மேன். உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு தடவ தீச்சங்கு ஊதுறப்பவும் அவர் ஓடுவாரு, எங்கம்மா வராந்தாவுல வந்து நிக்கும். அவர் வர்ற வரைக்கும் நிக்கும். என்னம்மா பண்றேன்னா, துணி எடுக்க வந்தேன்னு சொல்லும். கொடியில ஒரு துணியும் இருக்காது."

"அவருக்கு ஒண்ணும் ஆகலையே. கியாக்தான்ல நல்லாத்தானே இருக்காரு" என்றேன்.

"அவர் நல்லாத்தான் இருக்காரு. எங்கம்மா பாதி ஆயுசு அங்கயே நின்னுச்சு. நான் நிக்க மாட்டேன். ஒரு காயத்தோட வீட்டுக்கு வந்தீங்கன்னா, அன்னைக்கே அந்தப் பொட்டிய மூட்டை கட்டணும். சரியா?"

சரி என்றேன். சாமி அலமாரியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். வேறு வழியில்லை, அவள் என்னை அந்தப் பக்கம் திருப்பி நிறுத்தியிருந்தாள்.

ஆரம்பம் படுமோசம். யாங்கோனில் மோட்டார் சைக்கிள் ஓட்டக்கூடாது என்பதால் டாக்சி பிடித்து, நெரிசலில் மாட்டி, நான் போய்ச் சேரும்போது தீயணைப்பு வண்டிகள் குழாயைச் சுருட்டிக்கொண்டிருக்கும். ஒரு மழை நாளில் மரம் சாய்ந்து இரண்டு கார்கள் நசுங்கின. அதற்கு மட்டும் முதல் ஆளாகப் போய்விட்டேன். பெருமையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். செய்தி அலுவலகத்தில் வீடியோ வாங்கும் பெண் பார்த்துக்கொண்டே இருந்தாள். வானத்திலிருந்து மெதுவாக இறங்கி, இலை இலையாகத் தடவி, பூ ஒன்றில் கொஞ்ச நேரம் நின்று, பிறகுதான் என் கேமரா காருக்கு வந்திருந்தது.

"அண்ணே, எல்லாம் அழகா இருக்கு. பொண்ணு எப்ப மணவறைக்கு வருவா?" என்று பர்மியில் கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சிரித்துவிட்டேன். முதலில் என்ன நடந்தது என்று காட்டுங்கள், பிறகு யாருக்கு நடந்தது என்று காட்டுங்கள், பூவை விட்டுவிடுங்கள் என்றாள். அதை மனதில் வாங்கிக்கொண்டேன். அடுத்த மாதம் பூ இல்லாமல் மூன்று வீடியோ எடுத்தேன், மூன்றும் ஒளிபரப்பாயின.

வீட்டில் ஸ்கேனர் ஓடும்போது என் மனைவி காது கேட்காதவள் மாதிரி நடமாடுவாள். நோட்டுத் திருத்துவாள், வெங்காயம் நறுக்குவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதோ தீ என்று கேட்டதும் நான் கேமராப் பையைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தேன். அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"ஓடாதீங்க. ஒரே வண்டியத்தான் கூப்பிடுறான். குப்பை எரிஞ்சிருக்கும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பெருசுன்னா ரெண்டாவது வண்டியக் கூப்பிட்டுட்டுத்தான் மறுபேச்சு பேசுவாங்க" என்றாள். பிறகு, பேசிவிட்டோமே என்று அவளுக்கே எரிச்சல் வந்து, வெங்காயத்தை அளவுக்கு மேல் பொடியாக நறுக்கினாள். குப்பைதான் எரிந்திருந்தது. அதற்குப் பிறகு எதற்குப் போகலாம், எதற்குப் போக வேண்டாம் என்பதை அவள் முகத்தைப் பார்த்தே முடிவு செய்ய ஆரம்பித்தேன். அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது.

பிப்ரவரியில், அவள் பள்ளிக்கூடத்தில் பரீட்சை நடந்துகொண்டிருந்த ஒரு முற்பகலில், கியாக்தான் போகும் பஸ் ரோட்டோரம் ஒரு சின்ன பௌத்த மடத்தில் தீ என்று கேட்டது. மூச்சு விடாமல் மூன்று வண்டிகளைக் கூப்பிட்டார்கள். நான் போனபோது மடத்தின் கூரை ஒரு பக்கம் இறங்கிவிட்டிருந்தது. அக்கம்பக்கத்து ஜனங்கள் வாளியோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் நின்றேன். செருப்பைக் கழற்றினேன். ஜோடியாக, சுவரோரம், யார் காலிலும் இடறாமல் வைத்தேன். உள்ளே போனேன்.

இதை இன்று எழுதும்போது எனக்கே தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஆனால் அன்று நான் யோசித்துச் செய்யவில்லை. இந்த ஊரில் கோயிலோ மடமோ எதுவானாலும் வாசலில் கால் தானாகச் செருப்பை விட்டுவிடும். கல்யாண வீடியோக்காரனோ பன்னிரண்டு வருடமாக வெறுங்காலில் நின்றே சம்பாதித்தவன். தீமிதியில் குழியோரம் வெறுங்காலோடு ஓடி ஓடி எடுத்திருக்கிறேன். தீயும் சாமி இடமும் சேர்ந்தால் செருப்பு இருக்கக்கூடாது என்று என் காலுக்கு அவ்வளவு உறுதியாகத் தெரிந்திருந்தது.

முதலில் என்ன நடந்தது என்று எடுத்தேன். கூரை, குழாய்த் தண்ணீர், புத்தர் சிலையைப் போர்வையில் சுற்றித் தூக்கி வந்த இரண்டு பேர். பிறகு யாருக்கு நடந்தது என்று திரும்பினேன். பின்கட்டில் ஒரு வயதான பிக்கு கட்டிலோடு இருந்தார். எழுந்து நடக்க முடியாதவர். மூன்று பேர் கட்டிலைப் பிடித்துவிட்டார்கள், நாலாவது மூலைக்கு ஆளில்லை. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். கேமராவைத் தோளில் தொங்கப் போட்டேன், அணைக்கத் தோன்றவில்லை. நாலாவது மூலையைப் பிடித்தேன்.

முற்றத்தில் கூரைத் தகரம் சரிந்து கிடந்தது. கொதிக்கும் அந்தத் தகரத்தை மிதித்துத்தான் போக வேண்டும். இரண்டடி வைத்தபிறகுதான் என் காலில் ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. கட்டிலை விட முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். வேலிப்பக்கம் கொண்டுபோய் மரத்தடியில் இறக்கியதும் அந்தப் பிக்கு தலையைத் திருப்பி என் காலைப் பார்த்தார்.

"செருப்பு எங்கே?" என்று கேட்டார்.

"வாசல்ல, சாமி."

அவர் தன் காலை மெல்ல அசைத்துக் காட்டினார். ரப்பர் செருப்பு போட்டிருந்தார். "நானே போட்டிருக்கேனே" என்றார். வலியில் கண்ணில் நீர் நிறைந்திருந்தும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார்.

வீடியோவைக் கொடுத்துவிட்டு, ஒரு டாக்டரிடம் கட்டுப் போட்டுக்கொண்டு, ஐந்து மாடியும் ஏறி வந்தேன். எப்படி ஏறினேன் என்பதை விவரிக்க மாட்டேன், மாடிப்படியைக் கண்டபடி திட்டினேன் என்று மட்டும் சொல்கிறேன். அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது, வியர்த்துக் கொட்டும் சாயங்காலத்தில் கம்பளிப் போர்வையால் காலை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதைவிட நல்ல யோசனை எனக்கு வரவில்லை. அவள் பையைக்கூட இறக்காமல் போர்வையை இழுத்தாள்.

பர்மியில் திட்டுவாள் என்று காத்திருந்தேன். தமிழில் பேசினால் என்ன செய்வது என்றும் பயந்தேன். அவள் எதிலும் பேசவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நானே எழுந்து நொண்டிப் போய்க் கம்பியை அவிழ்த்து, ஸ்கேனரைப் பெட்டியில் போட்டுக் கட்டிலடியில் தள்ளினேன். சொன்ன சொல் சொன்னதுதான் என்றேன். அவள் தலையாட்டினாள்.

அன்றிலிருந்து தினமும் அவள்தான் கட்டு மாற்றினாள். பஞ்சை நனைத்துப் பிரிக்கும்போது வலிக்கிறதா என்று வாயால் கேட்க மாட்டாள், என் முகத்தைப் பார்ப்பாள். ஒரு நாள் தையல் பெட்டியிலிருந்து நூலை எடுத்து, குதிகாலிலிருந்து பெருவிரல் வரை வைத்துப் பார்த்துக் கத்தரித்துக்கொண்டாள். கட்டுத்துணிக்கு அளவு என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு நாள் அந்தத் தீயின் வீடியோவைக் காட்டச் சொன்னாள். ஓட்டினேன். கட்டில் வரும் இடத்தில் நிறுத்தப் போனேன். அதற்கு மேல் கேமரா தோளில் தொங்கியபடி தரையைத்தான் எடுத்திருந்தது. ஓடட்டும் என்றாள். சாம்பல், தகரம், ஒரு கட்டில் கால், அதன் பக்கத்தில் என் இரண்டு வெறுங்கால்கள். ஆடி ஆடி ஒரு நிமிடம்கூட வராது.

"இத டிவில போட்டாங்களா?"

"இல்ல. இதுல ஒண்ணுமே தெரியலையே."

"எனக்குத் தெரியுது" என்றாள். திரும்ப ஓட்டச் சொன்னாள். அவள் அழுதாள், சத்தமில்லாமல். நான் அவள் தோளைத் தொட்டேன்.

மூன்று வாரத்தில் கால் ஆறியது. பள்ளிக்கூடம் லீவு விட்டார்கள். அவள் கியாக்தான் போய் அப்பாவைப் பார்த்துவிட்டு ஒரு சாக்குப்பையோடு வந்தாள். கருவாடாக இருக்கும் என்று நான் கேட்கவில்லை. வீடு அமைதியாக இருந்தது. கீரைக்காரம்மா கயிற்றை இழுத்தால் மணி மட்டும் அடித்தது, யாரும் இருமவில்லை. நான் கல்யாணம் ஏதாவது வருமா என்று இரண்டு மண்டபங்களில் போய்க் கேட்டு வந்தேன். இல்லை என்றார்கள்.

ஒரு காலை, எங்கள் வராந்தாவுக்கு நேர் கீழே இருக்கும் கடையில் எலுமிச்சம்பழம் வாங்கத் தெருவுக்கு இறங்கியிருந்தேன். கிழக்கே, கட்டடங்களுக்கு மேல் கறுப்பாகப் புகை எழுந்தது. சங்கு ஊதியது. தெருவில் எல்லோரும் நின்று பார்த்தார்கள், நானும் பார்த்தேன். பிறகு குனிந்து எலுமிச்சம்பழத்தைப் பொறுக்கினேன். மூன்று நல்லதும் ஒரு சொத்தையும் எடுத்திருந்தேன், கடைக்காரிதான் சொத்தையை மாற்றிக் கொடுத்தாள்.

அப்போது தலையில் ஏதோ இடித்தது. நிமிர்ந்தால், எங்கள் மணிக்கயிற்றில் அந்தச் சாக்குப்பை. கிளிப் தாங்காது என்று இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தாள். பிரித்தேன். கணுக்காலுக்கு மேல் வருகிற கனமான ஃபயர்மேன் பூட்ஸ் ஒரு ஜோடி, உள்ளே தடிமனான சாக்ஸ். அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்து கால் நுழைத்துப் பார்த்தேன். அளவு அப்படியே பொருந்தியது.

கயிறு மேலே போனது. மறுபடி இறங்கும்போது கேமராப் பை வந்தது. அவிழ்க்கும்போதுதான் கவனித்தேன். கயிற்றின் மேல்பாதியில் ஏரியல் கம்பி திரும்பச் சுற்றப்பட்டிருந்தது. என்னைவிட நேர்த்தியாகச் சுற்றியிருந்தாள்.

"நாலாவது வண்டியக் கூப்பிட்டுட்டான்! சீக்கிரம் போங்க!" என்று மேலிருந்து கத்தினாள். "மடமா இருந்தாலும் கழட்டக்கூடாது!"

தெருவே திரும்பிப் பார்த்தது. நான் லேஸைக் கட்டிக்கொண்டு, எலுமிச்சம்பழத்தைக் கடைக்காரியிடமே விட்டுவிட்டு நடந்தேன். முனையில் டாக்சி நின்றது. கதவைத் திறந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அவள் உள்ளே போகவில்லை. ஐந்தாம் மாடி வராந்தாக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நிக்க மாட்டேன்னு சொன்னியே!" என்று கத்தினேன்.

"யாரு நிக்கிறா? துணி எடுக்க வந்தேன்" என்றாள்.

அவள் தலைக்கு மேல் கொடி காலியாக இருந்தது.