ஆடாத கயாக்

துபாயிலிருந்து திரும்பிய அண்ணன் மீன் பிடிக்க ஒரு கயாக் வாங்கினான். மேலே உட்கார்ந்து துடுப்புப் போடும் அகலமான பிளாஸ்டிக் படகு. ஏரல் ஆற்றில் அதன்மேல் நின்றுகொண்டே தூண்டில் வீசுவான், சாயவே சாயாது.

போன தை மாதம் ஒரே காலையில் மூன்று முறை தண்ணீரில் விழுந்தான்.

"படகு ஆடுதுலே, எங்கனயோ ஓட்டை விழுந்து உள்ள தண்ணி ஏறிருக்கு" என்றான்.

கரையில் இழுத்துப் போட்டு, உள்ளே ஏறிய தண்ணீரை வடிக்கும் மூடியைக் கழற்றிக் கவிழ்த்தேன். ஒரு சொட்டு இல்லை. திரும்பத் தண்ணீரில் விட்டு ஏறி நின்றேன். தரைபோல் இருந்தது. கரையைப் பார்த்தேன், மணலில் நிற்கும்போதும் அண்ணன் லேசாகத் தள்ளாடினான்.

"ஆடுதா லே?"

"ஆமாண்ணே, ஆடுது."

அடுத்த மாதம்தான் பாளையங்கோட்டைக்கு டாக்டரிடம் போனோம். மூளையில் கட்டி, முற்றிவிட்டது என்றார். வைகாசியில் அண்ணன் போய்விட்டான். அன்றே உண்மையைச் சொல்லியிருக்கலாம்.