கனடா போன பீச்சாங்கை

என் தங்கச்சி மாப்பிள்ளையைத் திட்டாமல் இதை எழுதி முடிப்பேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அவள் சிரித்துக்கொண்டே பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அவள் சிரித்தது சரிதான். அந்த ஆள் என்னை நம்ப வைத்துக் கழுத்தை அறுத்தான். இதோ, முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டேன். இனி நிதானமாகச் சொல்கிறேன்.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக வெல்டர் வேலை செய்கிறேன். படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது. எனக்குப் பீச்சாங்கைப் பழக்கம். சோறு மட்டும் வலது கையில். அதுவும் அம்மா கரண்டிக் காம்பால் அடித்துப் பழக்கியது. மற்றதெல்லாம் இடது கைதான். தங்கச்சி கல்யாணத்தில், மாப்பிள்ளையும் மச்சானும் கை கோர்த்து உட்காரும் சீரில், அவசரத்தில் இடது கையை நீட்டிவிட்டேன். மண்டபமே சிரித்தது. மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. என் வலது கையை அவராகவே எடுத்துக் கோர்த்துக்கொண்டார். எப்படிப்பட்ட தங்கமான மனுஷன் என்று அப்புறம் ஒரு வருடம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வெல்டிங்கில் தலைக்கு மேலே பற்றவைப்பதுதான் கஷ்டம். ஓவர்ஹெட் என்போம். லாரிக்கு அடியில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு மேலே பார்த்து வெல்டிங் வரியை ஓட்ட வேண்டும். உருகிய இரும்பு சொட்டத்தான் பார்க்கும். நெருப்புப் பொறி கழுத்துக்குள் இறங்கும். அப்போதும் கை ஆடக் கூடாது. என் கை ஆடாது. பட்டறையில் மற்றவர்கள் இடமிருந்து வலமாக ஓட்டுவார்கள், நான் வலமிருந்து இடமாக. இரும்பு உறையும்போது விழும் சின்னச் சின்ன வளைவுகள் என் வரியில் மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்து நிற்கும். எத்தனை வருடம் கழித்து ஒரு வண்டி ரிப்பேருக்கு வந்தாலும், அடியில் குனிந்து பார்த்துவிட்டு இது நான் ஓட்டியது என்று சொல்லிவிடுவேன்.

மாப்பிள்ளை டிப்ளமோ படித்தவர். அவரை அந்தப் பட்டறையில் சூப்பர்வைசராகச் சேர்த்துவிட்டதே நான்தான். அளவு எடுப்பார், படம் போடுவார், வடக்கே இருந்து வரும் லாரிக்காரர்களிடம் இங்கிலீஷும் இந்தியும் கலந்து பேசுவார். வெல்டிங்கும் தெரியும். மேஜை மேல் வைத்துக் கொடுத்தால் சுமாராக ஓட்டுவார். ஓவர்ஹெட் என்றால் இரண்டாவது நிமிஷமே கை உதறும்.

ஒருநாள் டீ குடிக்கும்போது போனை என் முன்னால் நீட்டினார். கனடாவில் டிரெய்லர் செய்யும் ஒரு கம்பெனிக்கு வெல்டர்கள் வேண்டுமாம். வேலைக்கான கடிதம் அவர்களே கொடுப்பார்களாம். அதைக் காட்டி விசா வாங்கலாம், பிறகு குடும்பத்தையும் அழைத்துக்கொள்ளலாம். அதில் ஸ்கில்டு ஒர்க்கர் என்று இரண்டு வார்த்தையை விரல் வைத்துக் காட்டினார்.

"கை தேர்ந்த தொழிலாளின்னு அர்த்தமுங்க மச்சான். உங்களத்தான் சொல்றாங்க."

பொய் சொல்வானேன், அந்த வார்த்தையில்தான் விழுந்தேன். இருபத்திரண்டு வருடத்தில் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. முதலாளி கூப்பிடுவது "ஏய் பீச்சாங்கை" என்றுதான். கனடாக்காரன் எங்கோ உட்கார்ந்துகொண்டு என்னைக் கை தேர்ந்தவன் என்கிறான். அந்த ஊர் எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் அன்று சாயங்காலமே மனைவியிடம், குளிர் தாங்குவாயா என்று கேட்டேன்.

இரண்டு பேருமே விண்ணப்பிப்பது என்று முடிவானது. மாப்பிள்ளைக்கு முதலில் அழைப்பு வந்தது. வீடியோவில் நேர்காணல். முதலில் பேச வேண்டும், பிறகு அவர்கள் கண் முன்னாலேயே மூன்று விதமாகப் பற்றவைத்துக் காட்ட வேண்டும். மூன்றாவது ஓவர்ஹெட். மாப்பிள்ளை முகம் செத்துப்போயிற்று. இரண்டு நாள் கழித்து ஒரு யோசனையோடு வந்தார். ஹெல்மெட்டைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே இருப்பது யார் என்று எவனுக்குத் தெரியும்? அவர் பேசுவார், நான் பற்றவைப்பேன். எனக்கு நேர்காணல் வரும்போது, போனுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என்ன பேச வேண்டும் என்று அவர் எழுதிக் காட்டுவார். எனக்கு அவர் வாய், அவருக்கு என் கை.

என் மனைவி ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். காகிதங்களைப் பார்த்தே பழகியவள். கேட்டதும் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றாள்.

"உங்க கைக்கு உங்க மூஞ்சிதானுங்க இருக்கோணும். மாத்திக் காட்டுனா அப்புறம் திருப்பி வாங்க முடியாது."

நான் கேட்டால்தானே. தங்கச்சி புருஷன், நம் வீட்டு மனுஷன், நமக்கா குழி பறிப்பான் என்று அவள் வாயை அடைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பட்டறையில் ஆள் இல்லாத நேரம். ஒரே மாதிரி இரண்டு ஹெல்மெட், இரண்டு தோல் சட்டை, இரண்டு ஜோடி கையுறை. மாப்பிள்ளை போனை ஸ்டாண்டில் வைத்துவிட்டு அரைமணி நேரம் இங்கிலீஷில் பொளந்து கட்டினார். அப்புறம் ஹெல்மெட்டை மாட்டி, முகத்தை மூடி, தூணுக்குப் பின்னால் போனார். தூணுக்குப் பின்னாலிருந்து நான் வெளியே வந்தேன். மூன்றையும் ஓட்டினேன். ஓவர்ஹெட் ஓட்டும்போது போனில் ஒரு தாடிக்காரர் ஏதோ சொல்லிச் சிரித்தது கேட்டது. முடித்ததும் நான் தூணுக்குப் பின்னால் போனேன், மாப்பிள்ளை வெளியே போய் ஹெல்மெட்டைத் தூக்கி, வராத வேர்வையைத் துடைத்துக்கொண்டு, நான் ஓட்டிய வரிகளைப் போனுக்குக் கிட்டே காட்டினார்.

தாடிக்காரர் கேட்டது, நீங்கள் இடது கைக்காரரா என்றாம். மாப்பிள்ளை, ஆமாங்க, பொறந்ததுலயிருந்தே, என்றாராம். இதைச் சொல்லிச் சொல்லி இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அதுதான் எனக்கு இப்போது நினைக்க நினைக்க ஆறவில்லை. நானும் சேர்ந்து சிரித்தேனே!

பத்தே நாளில் வேலைக் கடிதம் வந்துவிட்டது. அந்த வாரமே எல்லோரும் ஜேடர்பாளையம் போனோம். அணையில் குளித்துவிட்டு, சுடச்சுடப் பொரித்த மீனை வாங்கிக்கொண்டு பூங்காவில் உட்கார்ந்தோம். மாப்பிள்ளை என் இடது கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். அடுத்தது நீங்கதானுங்க மச்சான், உங்களக் கொண்டுபோகாம எனக்குச் சோறு எறங்காது என்றார். என் தங்கச்சி, நாலு வயசு மகளை மடியில் வைத்துக்கொண்டே, பெரிய மீனாகப் பார்த்து என் தட்டில் வைத்தாள்.

அப்புறம் என் முறை வந்தது. நேர்காணலுக்கு முன்னால், ஓவர்ஹெட் ஓட்டிய ஒரு துண்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கம்பெனியிலிருந்து கேட்டிருந்தார்கள். பட்டறையில் மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் ஒரு துண்டு ஓட்டினேன். அவ்வளவு நன்றாக என் வாழ்நாளில் ஓட்டியதில்லை. வீட்டுக்குக் கொண்டுபோனதும் மனைவி நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்பினாள்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. மனைவி ஒருமுறை தனக்குள்ளேயே படித்தாள். இன்னொரு முறை படித்தாள். பிறகு என்னை உட்காரச் சொன்னாள்.

நான் அனுப்பிய துண்டு, அவர்கள் ஏற்கெனவே தேர்ந்தெடுத்திருக்கும் என் சக தொழிலாளியின் இடது கை வேலை என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டதாம். சந்தேகத்துக்கு அவரிடமே கேட்டார்களாம். ஆமாம், அது என்னுடையதுதான் என்று அவர் சொல்லிவிட்டாராம். நான் அவருக்குப் பக்கத்தில் நின்று கிரைண்டிங் பிடிக்கும் ஹெல்பராம். அடுத்தவர் வேலையைத் தன்னுடையது என்று அனுப்புகிறவர்களை அவர்கள் சேர்த்துக்கொள்வதில்லையாம்.

ஹெல்பர்! என் துண்டை நான் திருடினேனாம். மனைவி, நான் அப்பவே சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளோடு சண்டை போட்டாவது ஆறியிருப்பேன்.

வண்டியை எடுத்துக்கொண்டு நேரே தங்கச்சி வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை வாசலிலேயே என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். மறுக்கவில்லை. அதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும்.

"ஒரே பட்டறையில ரெண்டு பேருமே பீச்சாங்கை, ரெண்டு பேரு வரியும் ஒண்ணுன்னா எப்புடிங்க மச்சான் நம்புவாங்க? தோண்டுனா எனக்கு வந்ததும் போயிரும். ஒருத்தராச்சும் போலாம்னுதான்..."

அந்த ஒருத்தர் நான் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். பதில் தங்கச்சியிடமிருந்து வந்தது. பாஸ்போர்ட்டுக்கு எடுத்த குழந்தையின் போட்டோக்களைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றிருந்தாள்.

"நான்தானுங்ணா அப்புடிச் சொல்லச் சொன்னேன். நீங்க கோவிச்சுக்குவீங்க, ஆனா எங்கள உட்டுத் தர மாட்டீங்கன்னு தெரியும்."

அவன் குத்தியதை விட இது ஆழமாக இறங்கியது. அவன் வந்தவன். இவள் என் முதுகில் உப்புமூட்டை ஏறி வளர்ந்தவள். என் மனசில் எங்கே மிதித்தால் நான் பேச மாட்டேன் என்று அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அங்கேயே மிதித்தாள். நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

நடந்ததை நடந்தபடி மனைவி கம்பெனிக்கு ஒரு கடிதமாக அடித்து வைத்தாள். ஹெல்மெட், தூண், தோல் சட்டை, ஒன்றும் விடவில்லை. அனுப்பட்டுமா என்று நாலு நாள் கேட்டாள். அனுப்பினால் மாப்பிள்ளைக்கு வந்த வேலை போகும். என் பெயருக்கும் ஒன்றும் பூமாலை விழாது, ஏமாற்றியதில் பாதி நான்தானே. எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் போட்டோவில் ரெட்டை ஜடை போட்ட குழந்தை. ஐந்தாம் நாள் அழித்துவிடச் சொன்னேன். தங்கச்சி கணக்கு தப்பவில்லை என்பதில்தான் எனக்கு அவள் மேல் அவ்வளவு ஆத்திரம்.

மாப்பிள்ளை கிளம்பிய அன்று வழியனுப்ப நான் போகவில்லை. லாரிக்கு அடியில் படுத்திருந்தேன். தங்கச்சிக்கும் குழந்தைக்கும் விசா பின்னால் வரும் என்று ஆள் அனுப்பிச் சொன்னார்கள். சரி என்று தலையாட்டினேன்.

நாலைந்து மாதம் ஒரு பேச்சும் இல்லை. ஒருநாள் காலையில் நான் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. பனியில் சிவந்த மூக்கோடு மாப்பிள்ளை. குளிர், சாப்பாடு என்று சுற்றி வளைத்துவிட்டுக் கடைசியில் விஷயத்துக்கு வந்தார். இதுவரை மேஜை வேலையாகவே கொடுத்தார்களாம். இனி டிரெய்லருக்கு அடியில் ஓவர்ஹெட் ஓட்டச் சொல்கிறார்களாம். அந்தத் தாடிக்காரர்தான் மேஸ்திரி. நேர்காணலில் இடது கையில் ஓட்டினாயே, இப்போது ஏன் வலது கை என்று கேட்டாராம். கையில் அடிபட்டிருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறாராம். எத்தனை நாளைக்கு அடிபட்ட கை ஆறாமல் இருக்கும்?

"பீச்சாங்கையில எப்புடிப் புடிக்கிறது, எப்புடி நகத்தறதுன்னு ஒரு வீடியோ மட்டும் எடுத்து அனுப்புங்க மச்சான். பழகிக்கறேன். உங்க தங்கச்சி விசாவும் இதுலதாங்க இருக்குது."

வெட்கம் மானம் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். நான் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன், வாயில் பேஸ்ட். துப்பிவிட்டு வருவதற்குள் வைத்துவிட்டார்.

இரண்டு நாள் அனுப்பவில்லை. மூன்றாம் நாள் காலையில், ஆள் வருவதற்கு முன்னால், பட்டறையில் போனை ஸ்டாண்டில் வைத்தேன். அதே ஸ்டாண்டு, அதே தூண். ஹெல்மெட்டைக் கவிழ்க்காமல் நேராகப் போனைப் பார்த்து நின்றேன்.

"இது என் பீச்சாங்கைங்க மாப்ள. நல்லாப் பாத்துக்கங்க," என்று சொன்னேன். அப்புறம்தான் முகத்தை மூடினேன். எந்த முழங்காலை ஊன்றுவது, தோளை எங்கே சாய்ப்பது, மூச்சை எப்போது விடுவது எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லி ஓட்டினேன். ஒன்றையும் ஒளிக்கவில்லை. என் தங்கச்சிக்காக அனுப்பினேன். அவள் கேட்காமலே அனுப்பினேன்.

அரைமணி நேரத்தில், நான் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்காரும்போதே, பதில் வந்தது. சூப்பருங்க மச்சான் என்று முதலில் ஒன்று. பின்னாலேயே இன்னொன்று. மனைவிதான் எட்டிப் பார்த்துச் சத்தமாகப் படித்தாள்.

"உங்க மூஞ்சி இல்லாம இன்னொரு தடவ எடுத்து அனுப்புங்க மச்சான், கை மட்டும் தெரிஞ்சாப் போதும். இங்க கூட வேல செய்யறவங்க யாராச்சும் பாத்துட்டா எனக்கு வம்பு."

என்னுங்க செய்யப்போறீங்க என்று மனைவி கேட்டாள். போனை அவளிடம் கொடுத்து ஒரு போட்டோ எடுக்கச் சொன்னேன். தலை வாரவில்லை, கரியைத் துடைக்கவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். மூஞ்சி மட்டும்தான் இருந்தது. அதை மாப்பிள்ளைக்கு அனுப்பிவிட்டு வேலைக்குப் போனேன்.