ஏணியின் போனில் இருந்த டேப்

வேலை முடிந்து ஒரு வீட்டைவிட்டுக் கிளம்பும்போது, சன்னல் விளிம்பின் மேல் உள்ளங்கையை ஒருமுறை இழுத்துவிட்டுத்தான் அவள் வாசலுக்கு வருவாள். தூசி இருக்கிறதா என்று சோதிப்பதாக நினைத்து முகம் சுளித்த அம்மாக்கள் உண்டு. அடுத்த வீட்டுத் தூசியைப் பற்றி அவளுக்கு என்ன கவலை? அவள் தேடுவது இரும்பு டேப்பை. சன்னலை அளந்த கையோடு டேப்பை அங்கேயே வைத்துவிடுவாள். துணியின் நிறத்தைப் பற்றிப் பேச்சு எழுந்ததும் மறந்தும்விடுவாள். பாதி வழியில் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு திரும்பி ஓடுவது பல வருஷமாக நடப்பது. இத்தனை முன்ஜாக்கிரதை இருந்தும் டேப் வாரத்துக்கு ஒருமுறையாவது அவளுக்குப் போக்குக் காட்டிவிடும்.

அவள் திரைச்சீலை தைப்பவள். வீட்டின் முன்னறைதான் தொழிற்கூடம். தையல் மெஷின், துணி வெட்டும் நீள மேசை, சுவர் ஓரமாக நிமிர்த்தி வைத்த துணிச் சுருள்கள். அவள் கையில் மடிப்புகள் ஒன்றுபோல விழும். ஆனால் புது ஆட்களிடம் பேச வேண்டுமென்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

பேசுவதற்கு இன்னொருத்தி இருந்தாள். நல்ல நெட்டை. சுவரில் துளை போடுவது, கம்பி மாட்டுவது, பேரம் பேசுவது, வாடிக்கையாளர்கள் வாயை அடைப்பது எல்லாம் அவள் பொறுப்பு. இவள் ஒருநாள் வாய் தவறி அவளை "ஏணி" என்று கூப்பிட்டுவிட்டாள். அவள் சும்மா விடுகிற ஆளா? "நான் ஏணின்னா நீ ஊசிடி. இருக்கிற எடமே தெரியாது. குத்துனாத்தான் தெரியும்" என்றாள். அன்று முதல் இருவருக்கும் அதுவே பேர். வாடிக்கையாளர்கள்கூட போனில் "ஏணியம்மா இருக்காங்களா?" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

டேப் தொலைந்தால் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். அது முடியாது. அந்த டேப்பின் முனைக் கொக்கி எப்போதோ கீழே விழுந்து வளைந்துபோயிற்று. அது எந்த அளவையும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். சன்னலை அதால் அளந்து துணியையும் அதாலேயே வெட்டினால் கணக்கு சரியாகிவிடும். சன்னலை அதில் அளந்துவிட்டு வேறு டேப்பில் வெட்டினால் திரை தரையைக் கூட்டிப் பெருக்கும். குறித்து வைத்த அளவெல்லாம் அந்தக் கோணல் டேப்பின் கணக்கில்தான் இருந்தது; இருவரும் அதற்கே பழகிவிட்டார்கள்.

ஊசியின் மறதியைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன ஏணி, ஒருநாள் கடையிலிருந்து ஒரு வெள்ளை வில்லையை வாங்கி வந்தாள். கோட்டுப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது. அதை டேப்பின் முதுகில் அழுத்தி ஒட்டினாள். போனில் தட்டினால் வில்லை கீச்சிடும். ஊசியிடம் அப்போது பட்டன் போன்தான் இருந்தது. அதனால் ஏணியின் போனோடு இணைத்துக்கொண்டார்கள். அதன்பிறகு ஊசி தொலைப்பாள், ஏணி தட்டுவாள், துணிக் குவியலுக்குள்ளிருந்து டேப் குரல் கொடுக்கும்.

"உன் புள்ள அழுவுது பாரு, போய்த் தூக்கு" என்பாள் ஏணி.

அப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான், வேறு நாட்டில் சலவைக் கடை வைத்திருந்த ஏணியின் அண்ணனுக்கு முதுகில் ஆபரேஷன் என்று செய்தி வந்தது. ஏணிக்கென்று குடும்பம் இல்லை. கல்யாணம் ஆகவில்லை, வாடகை அறையில் தனியாக இருந்தாள். "ஆறு மாசம் கடையைப் பாத்துக்கிட்டு ஓடி வந்துர்றேன். அதுக்குள்ள வேற எவளையாவது சேத்துக்கிட்ட, வந்து உன் மெஷினைத் தூக்கித் தெருவுல போடுவேன்" என்று சொல்லிவிட்டு, துளை போடும் மெஷினையும் ஸ்குரூ டப்பாவையும் மேசைக்கு அடியில் வைத்துவிட்டுப் போனாள்.

ஆறு மாசம் இரண்டு வருஷமாயிற்று. ஊசி யாரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. வேலை கேட்டு வந்தவர்களிடம், "ஆள் இருக்கு. வெளியூர் போயிருக்கு" என்று தரையைப் பார்த்துச் சொல்வாள். தாழ்வான சன்னல்களைத் தானே ஸ்டூல் போட்டு மாட்டினாள். உயரமான சன்னல் வந்தால், "கொஞ்சம் பொறுங்க, ஆள் வந்துரும்" என்பாள். பொறுக்காதவர்கள் வேறு கடைக்குப் போனார்கள். போகட்டும் என்று விட்டாள். ஏணி வருவாள். அதை வைத்துத்தான் அவள் நாட்கள் ஓடின.

இதற்கிடையில் அவளுக்கும் ஒரு தொடுதிரை போன் வந்தது. வந்த புதிதில் அது ஓர் எச்சரிக்கை காட்டியது. அவள் கணவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். அவர் பஸ் பணிமனையில் டயர் மாற்றுகிறவர். எதையும் உரக்கத்தான் படிப்பார்.

"வேற ஒருத்தரோட கருவி உங்ககூடவே வருது. நீங்க இருக்கிற எடத்தை அவங்க பாக்க முடியும்." அவர் பதறிப்போனார். "ஏம்மா, யாரோ உன்னை வேவு பாக்குறாங்க!"

"அது ஏணி ஒட்டுனதுங்க. பாக்கட்டும்" என்றாள் அவள். அந்த எச்சரிக்கை வரும்போதெல்லாம் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் மூடுவாள்.

புதிதாகத் திறக்கப்போகும் ஒரு பல் ஆஸ்பத்திரிக்குத் திரை தைக்கும் வேலை வந்தது. ஊசி போய் அளந்துவிட்டு வந்தாள். அன்று டேப்பைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. மறுநாள் காலை துணியை விரித்து, சாக்கட்டியைக் கையில் எடுத்தால் டேப்பைக் காணோம். மெஷின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். குப்பைக் கூடையைக் கவிழ்த்தாள். பல் டாக்டர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். வேறு வழியில்லாமல் கணவரின் போனை வாங்கி ஏணியைக் கூப்பிட்டாள். ஊசியின் போனில் பேச்சு விட்டு விட்டுத்தான் கேட்கும்.

"என்னடி காலையிலயே, உன் வீட்டுக்காரர் போன்லேருந்து? அண்ணனுக்கு ஒண்ணும் இல்லையே?"

"அவர் நல்லா இருக்கார். பல் ஆஸ்பத்திரித் திரைக்கு டாக்டரு ரெண்டு தடவை கூப்பிட்டுட்டாரு, டேப்பைக் காணோம்டி. அதைக் கொஞ்சம் கத்த வையேன்."

ஏணி சிரித்த சிரிப்பு அறை முழுக்கக் கேட்டது. "அடிப்பாவி! நான் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கேன். பக்கத்துல இருந்து தட்டுனாத்தான் அது கத்தும். இங்கேருந்து தட்டுனா நான்தான் கத்தணும்."

"அப்ப ஒண்ணும் பண்ண முடியாதா?"

"இரு, மேப்புல பாக்குறேன். ம்... உன் வீட்டுலதான் இருக்கு."

"அது எனக்கே தெரியும். உன்னைக் கேட்டேன் பாரு!"

"நேத்து பல் ஆஸ்பத்திரி பக்கம் போயிருந்தல்ல? போன வாரம் ஆத்துப் பாலத்தைத் தாண்டி ஒரு தெரு. அது யாரு வீடு? நமக்கு அந்தப் பக்கம் வாடிக்கை கிடையாதே?"

 ஏணியால் பார்க்க முடியும் என்பது ஊசிக்குத் தெரியும். பார்க்கிறாள் என்பது இப்போதுதான் தெரிந்தது. "புது வீடு. டீச்சர் ஒருத்தங்க" என்றாள். 

"தினமும் பாப்பேன்டி. போற வர்றவங்க போனெல்லாம் சேந்து எனக்குக் கோள் சொல்லும். எங்க போற, எப்ப திரும்புறன்னு."

அந்த நேரத்தில், சாய்த்து வைத்திருந்த துணிச் சுருளின் மேல் முதுகை வைத்த கணவர் துள்ளி எழுந்தார். "என்னமோ குத்துதும்மா!" சுருளைப் பிரித்தால் உள்ளே டேப்.

"கெடைச்சிருச்சு. இவர் முதுகு கண்டுபிடிச்சிருச்சு" என்றாள் ஊசி.

"அண்ணன் முதுகுக்கு ஒரு கும்பிடு. ஆனா எல்லா நாளும் அவரைக் கூட்டிக்கிட்டு வேலைக்குப் போக முடியுமா? ஒண்ணு செய்வோம். நான் என் போன்லேருந்து அதை விடுவிச்சிடுறேன். நீ உன் போன்ல சேத்துக்க."

"இப்ப என்ன அவசரம்? நீ வந்ததும் பாத்துக்கலாம்" என்றாள் ஊசி.

"தொலைச்சிட்டு முழிக்கிறவ நீ. என் போன்ல இருந்து என்ன பிரயோசனம்?" ஏணி போனை நோண்டிக்கொண்டே பேசுவது தெரிந்தது. "இரு, இதுல ரெண்டு காட்டுது. தப்பா என்னோடதை எடுத்துடக் கூடாது. 'ஊசி'ன்னு போட்டிருக்கு பாரு, இதுதான் உன்னோடது."

"ரெண்டா? இன்னொண்ணு எதுல ஒட்டிருக்க?"

"டேப்புலதான், வேற எதுல—" அவள் நிறுத்திக்கொண்டாள்.

சலவைக் கடையில் டேப்புக்கு என்ன வேலை? ஊசி கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததே கேட்டது போலாயிற்று.

"இங்க ஒரு கர்ட்டன் கடை" என்றாள் ஏணி மெல்ல. "கம்பி மாட்டுற வேலை. நாலஞ்சு மாசமா போறேன். அண்ணன் எழுந்து நடக்கிறாரு. கடையை அண்ணியே பாத்துக்கிறாங்க."

"யாரு தைக்கிறாங்க?"

"யாரோ. ஃபேக்டரில தச்சு அட்டைப் பெட்டில வருது. மடிப்பெல்லாம் சகிக்காது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா எப்ப வர்றன்னு கேப்ப. எனக்கும் வயசாகுதுடி. முட்டி வலிக்குது. இங்க அண்ணன் வீட்டுல எனக்குன்னு ஒரு அறை குடுத்திருக்காங்க. அங்க வந்தா வாடகை அறைதான். அங்க எனக்கு யாரு இருக்கா, உன்னை விட்டா?"

ஒருத்தி போதாதா என்று ஊசியின் நாக்கு நுனி வரை வந்தது. வந்த இடத்திலேயே நின்றுவிட்டது. எதிரே நின்ற கணவர் சத்தமில்லாமல் அடுக்களைக்குப் போனார்.

"வரவே மாட்டியா?"

"பாக்க வருவேன். இருக்க வர மாட்டேன்டி."

தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்து மூடினார்கள். ஊசி டேப்பை மேசைமேல் குப்புறப் போட்டாள்.

"சரி. என்ன செய்யணும், சொல்லு" என்றாள்.

"என் போன்லேருந்து நான் எடுத்துட்டேன். இப்ப மூடியை அழுத்தித் திருப்பு, பேட்டரியை எடு. திரும்பப் போட்டு, சத்தம் வர்ற வரைக்கும் அழுத்து. இதே மாதிரி அஞ்சு தடவை. அஞ்சாவது சத்தம் வேற மாதிரி இருக்கும். அப்ப அது என்னை மறந்துருச்சுன்னு அர்த்தம். அப்புறம் உன் போன் பக்கத்துல வெச்சா கேக்கும்."

ஊசி வில்லையை டேப்பிலிருந்து பெயர்த்து, நூல் கோக்கும் விரல்களால் மூடியைத் திருப்பினாள். பேட்டரியை எடுத்துப் போட்டு அழுத்தினாள். கீச். மறுபடி எடுத்தாள், போட்டாள். கீச். ஏணி எதிர்முனையில் எண்ணிக்கொண்டிருந்தாள். மூன்றாவது. நான்காவது. ஐந்தாவதாக அழுத்தியபோது கொஞ்சம் இறங்கிய குரலில், நீளமாக ஒரு சத்தம் வந்தது.

"வரலடி" என்றாள் ஊசி.

"என்ன வரல?"

"வேற மாதிரி வரல. அதே சத்தம்தான் வந்துச்சு. மொதல்லேருந்து போடவா?"

ஏணி எண்ணுவதை நிறுத்தியிருந்தாள். 

"எனக்கே கேட்டுச்சுடி, ஊசி" என்றாள் பிறகு. "இவ்வளவு தூரத்துக்கு நல்லாவே கேட்டுச்சு."

ஊசி கையில் வில்லையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் ஏணிதான், "ஏ கழுதை, பல் டாக்டரு காத்துக்கிட்டு இருக்காருல்ல? போனைப் பக்கத்துல வை" என்று அதட்டினாள்.

ஊசி தன் போனை எடுத்து வில்லையின் அருகில் வைத்தாள். திரையில் வெள்ளை வட்டம் ஒன்று சுழன்று நின்றது. இந்தப் பொருளுக்கு என்ன பெயர் வைக்க என்று கேட்டது. அவள் எழுத்துக் கூட்டி 'டேப்' என்று அடித்தாள்.

"சேந்துருச்சா?"

"சேந்துருச்சு."

"தட்டிப் பாரு."

தட்டினாள். கையிலேயே கீச்சிட்டது.

அன்று மாலைக்குள் பல் ஆஸ்பத்திரிக்கான துணி முழுவதையும் வெட்டி முடித்தாள். ஒரு இடத்திலும் பிசகவில்லை. கணவர் கொண்டுவந்து வைத்த டீ ஆறிப்போய், மேலே ஆடை படிந்திருந்தது. அவர் கீழே கிடந்த துண்டுத் துணிகளைப் பெருக்கி அள்ளிக் கொடுத்துவிட்டு இரவு ஷிப்டுக்குக் கிளம்பிப் போனார்.

அடுத்த மாதம் வேலை கேட்டு ஒரு பெண் வந்தாள். முன்பு மர நாற்காலி செய்யும் கடையில் இருந்தவள். ஊசி வழக்கம்போலத் தரையைப் பார்த்தாள். ஆனால் ஆள் இருக்கிறது என்று சொல்லவில்லை. மேசைக்கு அடியிலிருந்து துளை போடும் மெஷினை இழுத்து, மேலே படிந்திருந்த பஞ்சை ஊதிவிட்டு, அவள் பக்கம் நகர்த்தினாள்.

இப்போது உயரமான சன்னல்களையும் அவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். புதியவள் சுத்தமாக வேலை செய்கிறாள், அதிகம் பேசுவதில்லை. விலை சொல்ல வேண்டியிருந்தால் ஊசியே சொல்கிறாள், கொஞ்சம் திக்கினாலும். மேப்பில் பார்க்க முடியாமல் போனதால் ஏணி வாரம் ஒருமுறை கூப்பிட்டு, இந்த வாரம் எந்தத் தெரு, யார் வீடு, எத்தனை சன்னல் என்று விசாரிக்கிறாள். ஊசி ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். எப்போது வருகிறாய் என்று அவள் கேட்பதில்லை.