சர்வர் அறைக் கதவில் ஒட்டிய தாள்

வெண்மதிக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று கம்மாபுரத்தில் சொல்வார்கள். காரணமில்லாமல் அவள் கோபப்பட்டதை மட்டும் யாரும் பார்த்ததில்லை. வயதுக்கு வந்த புதிதில், மாதம் மூன்று நாள் அவளுக்குத் தனித்தட்டில் சோறு போட்டார்கள். சில மாதம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு அந்தத் தட்டைக் கழுவி மற்றத் தட்டுகளோடு அடுக்கிவிட்டாள். எது எதுவென்று அம்மாவுக்கே தெரியவில்லை. அந்த வீட்டில் வழக்கம் அன்றோடு ஒழிந்தது.

டிப்ளமோ முடித்து விருத்தாசலத்தில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் சேர்ந்தாள். பீங்கான் கம்பெனிகளின் ஆபீஸ் கணினிகள் அவள் பொறுப்பு. ஆயுத பூஜை முடிந்த வாரம், கழிப்பறைக் கோப்பை செய்யும் கம்பெனி ஒன்றிலிருந்து போன் வந்தது. மேனேஜர் தனக்கோடியின் கணினியில்தான் எல்லா ஆர்டரும் இருக்கும். மற்றவர்கள் தங்கள் கணினியிலிருந்தே அதன் பெயரை அடித்துத் திறந்து பார்ப்பார்கள். இப்போது யாருக்கும் திறக்கவில்லை. லாரிகள் சரக்கேற்றாமல் நின்றன.

கேட்டுக்குப் பக்கத்தில், சூளையில் வெடித்த கோப்பைகளின் குவியலருகே ஆதிலட்சுமி உட்கார்ந்திருந்தாள். ஆபீஸ் கூட்டிப் பெருக்குகிறவள்.

"என்னக்கா, வெளிய குந்தியிருக்கீங்க?"

"வேலய வுட்டு நிறுத்திட்டாங்க பாப்பா. நான் தூரமா இருந்தப்போ சர்வர் ரூமுக்குள்ள போயிட்டனாம். தீட்டுப் பட்டு மிஷினு கெட்டுப்போச்சாம்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "கருப்பைய எடுத்து நாலு வருசமாவுது. எனக்கேது தூரம்? அதச் சொன்னா திரும்ப சேத்துக்குவாங்களா?"

வெண்மதிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "சேத்துக்குவாங்க. அடுத்த மாசம் வேறொருத்திய வெரட்டுவாங்க. கொஞ்சம் பொறுங்கக்கா."

"உனக்குக் கோவம். எனக்கு வேல வேணும்."

வெண்மதி பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

சர்வர் அறைக் கதவில் புதிதாக ஒரு தாள்: 'வீட்டுக்குத் தூரமான பெண்கள் உள்ளே வரக்கூடாது. நிர்வாகம்.' ஊரெல்லாம் மலம் கழிக்கக் கோப்பை செய்து விற்கிற நிர்வாகம். அதற்குத் தீட்டு பயம்! கதவைத் தள்ளிக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

சர்வரில் ஒரு குறையும் இல்லை. ஆபீசில் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பெயர், ஒரு நம்பர். நம்பரைச் சர்வரே கொடுக்கும், அவ்வப்போது மாற்றும். மாறிய நம்பரை அந்தந்தக் கணினியே பெயரோடு சர்வரில் பதிந்துகொள்ளும். டி.என்.எஸ். என்பது அந்தப் பதிவுதான். எல்லாக் கணினியும் ஒழுங்காகப் பதிந்திருந்தது, தனக்கோடியுடையதைத் தவிர. அவர் பெயருக்கு நேரே பூஜைக்கு முந்தைய நம்பர் கிடந்தது. கூப்பிட்டவர்கள் எல்லாரும் ஆளில்லாத வீட்டுக் கதவைத்தான் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சார், உங்க சிஸ்டத்தப் பாக்கணும்."

"பூஜ போட்ட மிஷினும்மா. என்னுதுல நெட்டு நல்லாத்தான் வருது. சர்வரப் பாரு."

"அப்ப நான் கெளம்புறேன். லாரிக்காரங்களுக்கு நீங்களே சொல்லிக்குங்க."

தனக்கோடி முனகிக்கொண்டே எழுந்தார். திரையின் நெற்றியில் சந்தனம், விசைப்பலகையின் ஓரத்தில் காய்ந்த எலுமிச்சம்பழம். செட்டிங்கைத் திறந்தாள். நம்பரைக் கையால் அடித்து வைத்திருந்தார்கள். அதற்குக் கீழே, சர்வரின் நம்பர் இருக்கவேண்டிய இடத்தில் வெளியே எங்கோ இருக்கும் இன்டர்நெட் சர்வரின் நம்பர்.

"இத யாரு மாத்துனது?"

"நான்தான், பூஜையன்னிக்கு. பழைய நம்பரு கூட்டுனா எட்டு. ஜோசியரு ஆவாதுன்னாரு. கீழ இருந்ததும் எட்டு. என் தம்பி மவன் போன்லயே சொல்லிக் குடுத்தான்."

"கீழ இருந்தது நம்ம சர்வரு சார். அத எடுத்துட்டீங்க. உங்க மிஷினு தன்னோட புது நம்பர யாருகிட்டப் பதியும்?"

கையால் அடித்ததையெல்லாம் நீக்கித் தானாக எடுக்கும்படி விட்டாள். கணினி புது நம்பர் வாங்கியது. சர்வரில் பெயர் பதிந்தது. பில் போடும் அறையிலிருந்து, "தொறந்துடுச்சு!" என்று குரல் வந்தது.

தனக்கோடி சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "நேத்துதான் பரிகாரம் பண்ணோம். பலிச்சிடுச்சு பாத்தியா."

வெண்மதி பழையபடி அவருடைய ராசி நம்பர் இரண்டையும் அடித்தாள். "போச்சு, திரும்பப் போச்சு!" என்று அதே அறையிலிருந்து கத்தினார்கள். மறுபடி நீக்கினாள். திறந்தது. மறுபடி அடித்தாள். போனது.

"எத்தன தடவ வேணும் சார்? உங்க பரிகாரம் என் விரலுக்குக் கட்டுப்பட்டு வருது, போவுது. ஆதிலட்சுமி அக்கா என்ன பண்ணாங்க?"

எட்டிப் பார்க்க வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவருக்கு முகம் சுண்டிப்போனது. "சரி சரி, ஒழுங்கா வச்சுட்டுப் போ. அவ நாளையிலேருந்து வரட்டும். ஆனா அந்த மூணு நாளு மட்டும் சர்வர் ரூமு பக்கம் போவக்கூடாது. நமக்கு எதுக்கும்மா வம்பு?"

நம்பரைச் சரியாக வைத்துவிட்டு வெண்மதி எழுந்தாள். ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"எனக்கு இன்னிக்கு ரெண்டாவது நாளு சார். காலையிலேருந்து அந்த ரூமுக்குள்ளதான் குந்தியிருந்தேன். இப்ப உங்க நாற்காலியிலயும் குந்திட்டேன். ஆர்டரு தெறந்துதான இருக்குது?"

தனக்கோடி நாற்காலியைப் பார்த்தார். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வெளியே லாரிக்காரர் ஹாரன் அடித்தார். பில் அறையில் பிரிண்டர் ஓட ஆரம்பித்தது.

வாசலில் வந்து நின்ற ஆதிலட்சுமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தன் கருப்பையைப் பற்றி அவள் அங்கே யாரிடமும் சொல்லவில்லை. மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்தாள். "நாளைக்கு எதுக்கு சார், இன்னிக்கே பெருக்கிடறேன்" என்று சொல்லி, சர்வர் அறைக் கதவில் இருந்த தாளைக் கிழித்துக் கீழே போட்டாள். பிறகு உள்ளே போய் அறையைக் கூட்டி, குப்பையோடு அதையும் சேர்த்து அள்ளினாள்.