அலுமாரிக்கு மேலே ஏறிய கதை

"அந்த நாட்டு ஆக்களுக்கெல்லாம் ஆரு உம்மா எழுத்துப் படிச்சுக் குடுத்த?"

இது ஐந்து வயது மகள் கேட்ட கேள்வி. அந்த நாடு அவளுக்காக நான் சொன்ன பொய். களப்புக்கு, எங்கள் ஊர்க் கடலேரிக்கு, அப்பால் இருக்கிறது. அங்கே மீன்கள் கடிதம் கொண்டுவரும். உப்பு அள்ளுகிறவரும் கிழிந்த வலை பொத்துகிறவரும் நின்ற இடத்திலேயே பிரித்து வாசிப்பார்கள். எப்படிப் படித்தார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை.

கருவாட்டுக்கு மீன் கீறிக்கொண்டிருந்த மதினி, என் கணவரின் அக்கா, சிரித்தார். "நல்ல நாடுதான். எனக்கும் அங்க ஒரு துண்டு வளவு பாத்துக் குடு புள்ள."

போர்க்காலத்தில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது அவருக்கு ஏழு வயது. அகதி முகாமின் ஓலைக் கொட்டிலில் குர்ஆன் ஓதப் பழகினார். பள்ளிக்கூடம் போகவேண்டிய நேரத்தில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீருக்கு வரிசையில் நின்றார். அந்தத் தம்பிதான் என் கணவர். மதினி இன்றும் தடங்கலில்லாமல் ஓதுவார். தமிழ் எழுத்துத் தெரியாது. கையெழுத்துக்குப் பெருவிரல்தான்.

நான் வேலைக்குப் போகும் பகல்களில் மகள் அவரிடம்தான். "மாமி, வாசிங்க" என்று புத்தகத்தை நீட்டினால், "கண் நோகுது" என்பாராம். அதைக் கேட்டபின் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அவருக்குத் தெரிந்த அரபு எழுத்திலேயே என் தமிழ்க் கதையை எழுதினேன். அரபியில் இல்லாத சத்தங்களுக்கு மேலதிகப் புள்ளி வைத்தேன். அரபுத் தமிழ் என்று எங்கள் முன்னோர் எழுதியதும் இப்படித்தான்.

மதினி முதல் வரியை உரத்து வாசித்தார். நிறுத்தினார். திரும்ப வாசித்தார். "யா அல்லாஹ், இது தமிழ் புள்ள!"

அடுத்ததை நான் எதிர்பார்க்கவில்லை. தாள்களைச் சுத்தமான துணியில் சுற்றி, அலுமாரிக்கு மேலே குர்ஆனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். ஓதுவதற்கு முன் செய்வதுபோல் கை, முகம், கால் கழுவி ஒளு எடுத்துத்தான் தொடுவார். காத்திருந்தே மகள் தூங்கிப்போவாள்.

"மதினி, இது மீன் கடிதம் கொண்டுவாற பொய்க் கதை."

"கதை பொய்யா இருக்கட்டும். எழுத்து பொய் இல்லியே."

ஓதும் எழுத்தை விளையாட்டுக்கு எடுத்தது பிழையோ என்று பயந்தேன். தமிழ் அரிச்சுவடி ஒன்று வாங்கி வந்தேன். மதினி ஒரு பக்கம் பார்த்துவிட்டு மூடினார். "இதுல நான் தடக்கித் தடக்கி வாசிச்சா உன்ட மகள் சிரிப்பா. அதுல ராணி மாதிரி வாசிக்கிறன். விடு."

விடமாட்டேன். தை மாதம் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். ஒரு வருடத்தில் மாமியை முந்திவிடுவாள். அதற்குப் பிறகு மதினி புத்தகத்தைத் தொடவே மாட்டார்.

இப்போது ஒவ்வொரு அரபு வரிக்கும் கீழே அதையே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். வலப்பக்கமிருந்து ஓடும் மேல் வரி இடப்பக்கம் வந்து முடிகிறது. கீழ் வரி அங்கேயே தொடங்குகிறது. நேற்று மதினியின் விரல் அந்த இடத்தில் இறங்கி, இரண்டு சொல் தூரம் போனது. என்னைக் கண்டதும் மேலே ஏறிவிட்டது.

அரபு வரிகளை ஒவ்வொன்றாகக் குறைக்கவா? அவராக இறங்கி வரும்வரை பொறுக்கவா? வளர்ந்த ஒருவருக்கு, அவர் மானம் கெடாமல் எழுத்துப் பழக்கியவர்கள் உங்களில் யாராவது இருந்தால், எப்படிச் செய்தீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள்.