ஒரு வார்த்தை சொல்லிவிட்டு

ஞாயிறு காலை பத்தே முக்காலுக்கு, கேரம் டவுன்ஸ் கோயில் வாசலில் என் கணவர் அந்தக் கடைக்காரரைக் கண்டார். எல்லாம் பிழையாகிப்போனது அந்த நேரத்தில்தான்.

கிளேட்டனில் அந்தக் கடைக்காரருக்கு ஒரு சாப்பாட்டுக்கடை. பல்கலைக்கழகத்தில் படிக்கும் எங்கள் மகள் மாலைகளில் அங்கே வேலை செய்தாள். செய்த நேரத்தில் பாதிக்குத்தான் சம்பளம். மீதி 'பழகும் நேரமாம்'; இரண்டு வருடமாகப் பழகிக்கொண்டிருந்தாள். உண்மையான நேரம் ஒரே இடத்தில்தான் பதிவாகியிருந்தது: கடையில் சமைக்கிற குசினி வாசலில், வரும்போதும் போகும்போதும் விரல் வைக்கும் இயந்திரத்தில். அதை நம்பித்தான் அவள் தொழில் திணைக்களத்தில் முறையிட்டாள். எங்களையும் வாய் திறக்க வேண்டாம் என்றாள்.

ஆனால் கோயிலில் முகம் பார்க்கிற மனிதருக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் அதிகாரியை அனுப்புவது என் கணவருக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, பிள்ளை முறைப்பாடு குடுத்திட்டாள். அவையள் வரமுந்தி நீங்களே பேசி முடிச்சால் நல்லது."

"ஐயோ அண்ணை, எங்கட பிள்ளையெல்லோ! இது வீட்டுக்குள்ள முடிக்கிற விசயம். சாப்பிட்டிட்டுப் போங்கோ, இண்டைக்கு அன்னதானம் எங்கட உபயம்."

சாப்பிட்டோம். நான் இரண்டாம் முறையும் பாயசம் வாங்கினேன்.

மறுநாள் மகள் வேலைக்குப் போனபோது, இயந்திரம் இருந்த சுவரில் நான்கு ஆணித் துளைகள். பழுதாகிவிட்டதாம், எறிந்தாயிற்றாம்.

"அப்பா, யூ டோல்ட் ஹிம்?"

"ஒரு மரியாதைக்குச் சொன்னனான்."

"மரியாதையோ? அலாரம் அடிச்சுக் குடுத்திருக்கிறீங்கள்!"

அறைக் கதவு சாத்தப்பட்டது. தேநீரோடு வெளியே நின்றேன். தட்டவும் பயமாக இருந்தது. கூட வேலை செய்த மாணவர்களைக் கேட்டுப் பார்த்தாள். விசா போய்விடும் என்று பயந்து ஒருவரும் வாய் திறக்கவில்லை. திணைக்களத்துக்கு நான் தொலைபேசி எடுக்கும் போதெல்லாம் காத்திருக்கச் சொல்லும் இசைதான் கேட்டது. இப்போதும் அந்த மெட்டு எங்காவது காதில் விழுந்தால் கை தானாகத் தொலைபேசியைத் தேடுகிறது.

கடைசியில் திணைக்களத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வீட்டுக்கு வந்தார். என் மகளைவிடச் சில வயதுதான் கூட இருக்கும். கடைக்கும் போய்விட்டுத்தான் வந்திருந்தார். கதிரையின் நுனியில் உட்கார்ந்து, மகளைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார்:

"நீங்கள் சொல்வதை நம்புகிறேன். ஆனால் பதிவுகளைக் கேட்டு வாங்கத்தான் எனக்கு அதிகாரம். பொலிஸைப் போலத் தேடி எடுக்க முடியாது. பழுதாகிவிட்டது என்கிறார், அது பொய் என்று காட்ட என்னிடம் வழியில்லை. வேறு யாராவது சாட்சி சொல்ல வந்தால் கூப்பிடுங்கள். வராவிட்டால், முறைப்பாட்டுக் கோவையை மூடிவிடுவார்கள்."