நிக்கனோரின் இரண்டாவது எர்த் கம்பி

பர்ராங்கியா நகரின் ரெபோலோ பேட்டையில் நிக்கனோரைத் திருத்த நினைத்தவர்கள் உண்டு, திருத்தியவர்கள் இல்லை. தெருக் கொண்டாட்டங்களில் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் பிக்கோ ஒலிப்பெட்டிகளுக்கு ஆம்ப்ளிஃபயர் கட்டுவது அவர் தொழில். யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டால், மோவாயைத் தூக்கி, "நானேதான்" என்பார். அவர் கட்டியதைக் கேட்டவர்கள் உடனே நம்பிவிடுவார்கள்.

ஆம்ப்ளிஃபயரில் ஃபீட்பேக் என்று ஒரு கம்பி உண்டு. வெளியே போகும் சத்தத்தில் துளியை உள்ளே திருப்பிக் கொண்டுவந்து, பிசகு இருந்தால் சரிசெய்ய வைக்கும். ஊரே போடுகிற அந்தக் கம்பியை நிக்கனோர் போட மாட்டார். "பேசிட்டு, நான் சொன்னது சரிதானேன்னு நம்மளையே கெஞ்சறதா? கோழைப் பய வேலை!" வீட்டிலும் அதே சர்க்யூட்தான். மனைவி தெயனிரா சொன்ன எதுவும் இதுவரை உள்ளே போனதில்லை.

இந்த முறை வேலை, பீர்க்கடை முதலாளி டோன் ரோசெந்தோவின் 'கோபக்காரக் கூழைக்கடா' என்ற பிக்கோவுக்கு. ஞாயிறு மதியம் தெருவின் எதிர்முனைப் பிக்கோவோடு போட்டி; கூட்டம் எந்தப் பக்கம் நிற்கிறதோ அதற்கே வெற்றி. ஜெயித்தால், பெட்டியில் வரைந்திருக்கும் கூழைக்கடாப் பறவையின் காலடியில் நிக்கனோர் பெயரை எழுதுவதாக டோன் வாக்குக் கொடுத்திருந்தார். பெயிண்டர்கூட வந்து ஓசி பீரில் உட்கார்ந்துவிட்டார். நிக்கனோர் வாழ்நாளில் வேறெதற்கும் இப்படி ஏங்கியதில்லை.

எதிராளி காப்பியடிப்பான் என்று பாகங்களின் எண்களை உப்புத்தாளால் தேய்த்து அழிப்பது அங்கே வழக்கம். நிக்கனோர் அதோடு நிற்பாரா? மேலே கறுப்புப் பிசினை ஊற்றிக் கருங்கல்லாக்கிவிட்டார். இனி எதிராளியாலும் பிரிக்க முடியாது, அவராலும் முடியாது. எர்த் கம்பியெல்லாம் ஒரே இடத்தில் சேர வேண்டும் என்பது தொழிலின் அரிச்சுவடி. உள்ளே அப்படித்தான் சேர்த்தார். பிறகு, ஒன்று அறுந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்று, வெளித்தகட்டில் இரண்டாவதாக ஒன்றையும் முறுக்கினார்.

ஞாயிறு மதியம் தெருவில் சுவிட்சைப் போட்டதும் பாட்டுக்கு முன்னால் "ம்ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம் வந்தது. பாட்டு வந்தது, ரீங்காரம் போகவில்லை. ஆடிக்கொண்டிருந்தவர்கள் காதைத் தேய்த்தார்கள்.

"என்னய்யா, என் கூழைக்கடாவுக்குச் சளி பிடிச்சிருக்கா?" என்றார் டோன்.

"கரெண்ட்டுல கோளாறு டோன். அரசாங்கத்தைக் கேளுங்க."

பக்கத்திலேயே விற்பனைக்கு முட்டை அரேப்பா என்ற சோள அடை பொரித்துக்கொண்டிருந்த தெயனிரா கரண்டியை நீட்டினாள். "அரசாங்கம் அதோ தகட்டுல தொங்குது பாரு. ரெண்டு இடத்துல எர்த்தைக் கட்டினா உறுமாம என்ன செய்யும்? வீட்லயே சொன்னேன்ல?"

"நீ அரேப்பாவைப் பாரு. கருகுது."

அரேப்பா கருகவில்லை. நிக்கனோர் ப்ளக்கைத் திருப்பிச் செருகக் குனிந்த நேரத்தில், தெயனிரா எட்டி அந்தக் கம்பியைக் கழற்றிவிட்டாள்.

ரீங்காரம் நின்றது. பித்தளை ஊதலும் தோல் மேளமும் கழுவி வைத்த கண்ணாடியாகத் தெருவில் இறங்கின. கூட்டம் கூவியது. டோன் பெயிண்டரைத் தட்டி எழுப்பினார். நிக்கனோருக்குக் கண் கலங்கியது; இந்தச் சத்தத்துக்காகத்தான் அவர் இத்தனை வருஷம் விரலைச் சுட்டுக்கொண்டார். நெஞ்சு நிறைந்துபோனது.

அப்போதுதான் தொங்கும் கம்பியைப் பார்த்தார்.

"யார் கை வச்சது?"

"நான்தான். கேளுய்யா, எவ்ளோ நல்லாயிருக்கு!"

நல்லாயிருந்தது. அவருக்கும் தெரிந்தது. ஸ்குரூடிரைவரை எடுத்தார், கம்பியைப் பழைய இடத்திலேயே வைத்து, இன்னும் ஒரு சுற்று அதிகமாகவே முறுக்கினார்.

"ம்ம்ம்ம்."

கூட்டம் பாட்டிலும் கையுமாக எதிர்முனைக்கு நடந்தது. பெயிண்டர் தூரிகையைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே போனார். தெயனிரா அடுப்பை அணைத்து, எண்ணெய்ச் சட்டியைப் பிடிதுணியால் தூக்கினாள்.

"நீ எங்க போற?"

"வாங்கித் தின்ன ஆள் அங்கதானே இருக்கு? நீ உன் பெட்டியைப் பாத்துக்க, நிக்கனோர்."